காகித ரோஜாவும் கணக்குப் பாடமும்

ஒரு சதுரக் காகிதம். கத்தரிக்கோல் கிடையாது. பசை கிடையாது. நூலும் கம்பியும் கிடையாது. பத்து விரல்கள் மட்டும் உண்டு. இவ்வளவைக் கொண்டு ஒரு ரோஜாப் பூவை உண்டாக்க முடியுமா?

முடியும். ஜப்பானியர் செய்து காட்டியிருக்கிறார்கள். நடுவில் இதழ்கள் சுருண்டிருக்கும். ஓரத்து இதழ்கள் சற்றே விரிந்திருக்கும். அடியில் நான்கு மூலைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். எட்ட நின்று பார்த்தால், இப்போதுதான் செடியிலிருந்து பறித்தார்களோ என்று தோன்றும்.

இதைப் பற்றி எழுதுவது அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காக அல்ல. இந்தப் பூவுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் கண்டாலே பயந்து ஓடும் வடிவ கணிதம் அதிலே இருக்கிறது. காகித ரோஜா மடிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கக் கூடாது. அதைக் கணக்குப் பாடத்தில் சேர்க்க வேண்டும். பார்த்து மடிக்கும் வேலையாக அல்ல, சோதித்துப் பார்க்கும் வேலையாகச் சேர்க்க வேண்டும். இதுதான் என் கட்சி.

மடிப்பு நமக்குப் புதிதா?

"அது ஜப்பான்காரன் வித்தை. நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்குத் தஞ்சைச் சீமையைத்தான் காட்ட வேண்டும்.

பூதலூரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிற ஊர். கல்லணையிலிருந்து அதிக தூரமில்லை. சுற்றிலும் வயல். பெயரின் முதல் எழுத்தே 'பூ'!

இந்தப் பக்கத்தில் மடிப்பு இல்லாத காரியம் எது? மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார்கள். பருப்பானாலும் மிளகானாலும் ஒரு மணி கீழே சிந்தாது. கோயிலில் பிரசாதத்துக்குத் தொன்னை. திருவிழா வந்தால் தென்னங்குருத்தை மடித்துக் கிளி செய்து தோரணம் கட்டுவார்கள். தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து, பூவுக்குப் புது உருவம் கொடுத்து, சுவாமிக்குச் சாத்துவார்கள். புடவைக் கொசுவம் மடிப்பு. வெற்றிலை மடிப்பு. விசிறி மடிப்பு.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்ல. மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததும் காகிதக் கப்பல் விடாத பிள்ளை உண்டா? சாதாரணக் கப்பல், கத்திக் கப்பல் என்று அதில் ரகங்கள் வேறு!

ஆகவே, கை பழகிய கைதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வாய்க்கால் கரையில் கத்திக் கப்பல் மடித்த அதே பிள்ளை, வகுப்பிலே முக்கோணத்தைக் கண்டு விழிக்கிறான். "அவனுக்குக் கணக்கு வராது" என்று ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. அந்த முத்திரை லேசில் அழிவதில்லை. பாலிடெக்னிக்குக்கும் இன்ஜினீயரிங்குக்கும் போகும் கதவு அன்றைக்கே பாதி சாத்திக்கொள்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால், "உனக்கு எதற்கு அம்மா கணக்கு?" என்று மீதிப் பாதியையும் சாத்திவிட ஆள் இருக்கிறார்கள்.

கப்பல் மடித்தபோது அந்தப் பிள்ளை சதுரத்தைப் பாதியாக்கினான். மூலையை மையத்துக்குக் கொண்டுவந்தான். கோணத்தை இரண்டாகப் பிரித்தான். அவ்வளவும் வடிவ கணிதம். அவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அதுதான் குறை!

நம்மவர் எழுதிய புத்தகம்

காகித மடிப்பிலே கணக்கு இருக்கிறது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் நம் நாட்டவர். அவர் பெயர் தண்டலம் சுந்தர ராவ். அரசாங்க உத்தியோகஸ்தர். 1893-ம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புத்தகம் சென்னையில் வெளியாயிற்று. காகிதத்தை மடித்தே வடிவ கணிதப் பயிற்சிகளைச் செய்வது எப்படி என்பதுதான் விஷயம்.

சிறு குழந்தைகளின் கிண்டர்கார்ட்டன் வகுப்புக்காக வந்த விளையாட்டுச் சாமான் ஒன்றுதான் அவருக்கு இந்த யோசனையைத் தந்தது. அதிலே இருந்தவை 200 வர்ணச் சதுரக் காகிதங்கள். மற்றவர்களுக்கு அது பொம்மை. அவருக்கு அது கணக்குப் புத்தகம்! சதுரத்தில் தொடங்கினார். சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று மடித்துக்கொண்டே போனார். கடைசியில் வளைகோடுகள் வரை போய்விட்டார்.

புத்தகம் சென்னையோடு நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் பெரிய கணித மேதையான பெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். அதைப் பார்த்து அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் தேடிப் பிடித்து, 1901-ல் சிகாகோவிலிருந்து ஒரு பதிப்புக் கொண்டுவந்தார்கள். 1966-ல் நியூயார்க்கிலே மறுபடியும் அச்சாயிற்று.

சிகாகோ படித்தது. நியூயார்க் படித்தது. பூதலூர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சுந்தர ராவ் என்ற பெயராவது தெரியுமா? தெரிந்திருக்க வேண்டாமா?

காம்பஸ் செய்யாததைக் காகிதம் செய்கிறது

"எப்படியிருந்தாலும் மடிப்பு மடிப்புதானே? காம்பஸும் ஸ்கேலும் வைத்துச் செய்வதுபோல் ஆகுமா?" என்று ஒரு சந்தேகம் வரலாம்.

ஒரு விஷயம் சொல்லுகிறேன். ஒரு கோணத்தை இரண்டு சம பாகமாக்கக் காம்பஸ் போதும். எந்தக் கோணத்தைக் கொடுத்தாலும் அதை மூன்று சம பாகமாக்கக் காம்பஸாலும் கோடு போடும் சட்டத்தாலும் முடியாது. முடியவே முடியாது என்று 1837-ல் பிரான்ஸ் தேசத்து வான்ட்செல் நிரூபித்துவிட்டார்.

காகிதத்தை மடித்தால் முடியும்! இரண்டு புள்ளிகள், இரண்டு கோடுகள். இரண்டு புள்ளிகளும் ஒரே சமயத்தில் அந்த இரண்டு கோடுகளின் மேல் விழும்படி மடிப்பது ஒரு தனி மடிப்பு. அந்த மடிப்பின் பலத்தை 1936-ல் எடுத்துக் காட்டியவர் மார்கரீட்டா பெலோக் என்ற இத்தாலியப் பெண்மணி. சுந்தர ராவ் காலத்தில் கோணத்தைத் தோராயமாகவே மூன்றாக்க முடிந்தது. அவர் விட்ட இடத்துக்கு அப்பால் வழி இருந்தது. தேடியவர்களுக்கு அகப்பட்டது.

மடிப்பு என்பது குழந்தை விளையாட்டு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வேண்டுமென்றால் வானத்தைப் பாருங்கள். கோரியோ மியுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்டுபிடித்த மடிப்பு முறையை, 1995-ல் ஜப்பான் அனுப்பிய விண்கலத்தின் சூரியத் தகட்டில் உபயோகித்தார்கள். 2021 டிசம்பரில் புறப்பட்ட ஜேம்ஸ் வெப் என்ற பெரிய தொலைநோக்கி, மடிக்கப்பட்டுத்தான் ராக்கெட்டில் ஏறியது. வானத்திலே போய் விரிந்தது.

ரோஜாவின் ரகசியம்

இப்போது ரோஜாவுக்கு வருவோம். உலகமெல்லாம் பேர் பெற்ற காகித ரோஜாவைக் கண்டவர் தோஷிகாசு கவாசாகி. 1955-ல் பிறந்த ஜப்பானியர். தொழிலோ கணித ஆசிரியர்! ரோஜாவையும் மடிப்பையும் கணிதத்தையும் சேர்த்து அவர் எழுதிய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு 2005-ல் வந்தது. பூவும் கணக்கும் ஒரே கையிலிருந்து வந்தன என்பதைக் கவனியுங்கள்.

கப்பல் மடிக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக மடித்துக்கொண்டு போகலாம். ரோஜா அப்படி அல்ல. முதலில் காகிதம் முழுவதும் கட்டம் விழும்படி மடித்துப் பிரிக்க வேண்டும். குறுக்கே சாய்வு மடிப்புகளும் போட வேண்டும். பிறகு நடுவிலே ஒரு சிறு இடத்தைப் பிடித்து, திருகாணியைத் திருகுவதுபோல் மெதுவாகத் திருக வேண்டும். அப்போது சுற்றியுள்ள மடிப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்து கொடுக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் பூ வராது. கசங்கல்தான் வரும்.

முதல் தடவை கசங்கும். இரண்டாம் தடவையும் கசங்கும். அங்கேதான் படிப்பு ஆரம்பமாகிறது!

கசங்கியதை எறியாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த மடிப்பு தவறு? அது மேலே எழ வேண்டியதா, கீழே தாழ வேண்டியதா? கட்டம் சமமாக விழுந்ததா? பிரித்த காகிதமே விடைத்தாள். அதைத் திருத்த வாத்தியார் வர வேண்டியதில்லை. சிவப்பு மை வேண்டியதில்லை. பிள்ளையே திருத்திக்கொள்ளலாம். பூ வந்தால் சரி. வராவிட்டால் தவறு. இவ்வளவு நேர்மையான பரீட்சை வேறு எங்கே இருக்கிறது?

வரப்பும் வாய்க்காலும்

ரோஜாவுக்கு முன்னால் ஒரு சிறு சோதனை. இதை வீட்டிலே இப்போதே செய்யலாம்.

ஒரு காகிதத்தை இரண்டாக மடியுங்கள். மடித்ததை, முதல் மடிப்பைக் குறுக்கே வெட்டும்படி சாய்வாக இன்னொரு தரம் மடியுங்கள். பிறகு முழுவதும் பிரியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நான்கு மடிப்புக் கோடுகள் கிளம்புவதைக் காண்பீர்கள்.

மேலே எழுந்த மடிப்பை மலை என்றும், கீழே தாழ்ந்த மடிப்பைப் பள்ளத்தாக்கு என்றும் ஜப்பானியர் சொல்லுகிறார்கள். மலையையே பார்க்காத தஞ்சைச் சீமைப் பிள்ளைக்கு அது எதற்கு? வரப்பு, வாய்க்கால் என்று சொல்லிக் கொடுங்கள். சட்டென்று புரியும்.

இப்போது எண்ணுங்கள். நான்கு கோடுகளில் மூன்று ஒரு ஜாதி. ஒன்று மற்றொரு ஜாதி. வித்தியாசம் இரண்டு. எட்டு கோடுகள் கூடினாலும், பத்து கோடுகள் கூடினாலும், காகிதம் தட்டையாக மடிந்தால் அந்த வித்தியாசம் இரண்டுதான். இது ஜுன் மேகாவா என்பவர் பெயரால் வழங்கும் விதி.

இன்னொன்று. அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள நான்கு கோணங்களில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள். 180 டிகிரி வரும். மற்ற இரண்டைக் கூட்டினாலும் அதே 180. இந்த விதி நம் ரோஜாக்காரர் கவாசாகியின் பெயரால் வழங்குகிறது.

கரும்பலகையில் எழுதிப் போட்டால் இவை மனப்பாடம். பிள்ளை தன் காகிதத்தில் தானே எண்ணிக் கண்டால் அவை அவனுடைய சொத்து.

இன்னும் எளிதான ஒன்று உண்டு. நீண்ட ஓலைக் கீற்று ஒன்றை எடுத்து, சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள். மெதுவாக இறுக்கி, தட்டையாக அழுத்துங்கள். என்ன வருகிறது? ஒழுங்கான ஐங்கோணம்! காம்பஸில் ஐங்கோணம் போடுவது பெரிய பாடு. ஓலையிலே அது ஒரு முடிச்சு. ரோஜாப் பூவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலே பச்சையாக இருக்கும் புல்லிவட்டத்துக்கும் இதழ் ஐந்துதான். நான்கு பக்கச் சதுரத்துக்குப் பதில் ஐங்கோணக் காகிதத்தை எடுத்து ரோஜா மடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

காப்பி அடித்தால் போதாது

இன்று கைபேசியைத் தட்டினால் ரோஜா மடிக்கும் படங்கள் எத்தனையோ ஓடுகின்றன. பிள்ளைகள் பார்க்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி மடிக்கிறார்கள். நல்லதுதான். முதல் பூவை அப்படி மடிக்கலாம். அதற்கு மேலும் அப்படியே மடித்துக்கொண்டிருந்தால், அது காப்பி அடித்த கணக்குப் போலத்தான். விடை சரி, வழி தெரியாது.

இரண்டாவது பூ சோதனையாக இருக்க வேண்டும். என்ன சோதிக்கலாம்?

காகிதத்தை மாற்றலாம். பத்திரிகைக் காகிதம் மெல்லியது. மடிப்புகள் கூடும் இடத்தில் கிழிந்துவிடும். புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புக் காகிதம் முரடு. ஆனால் போட்ட மடிப்பை விடாது. எது நல்லது? கை சொல்லட்டும்.

அளவை மாற்றலாம். ஒரு சாண் சதுரத்தில் செய்த பூவை இரண்டு சாண் சதுரத்தில் செய்யலாம். பக்கம் இரண்டு மடங்கு. காகிதம் எத்தனை மடங்கு? இரண்டு என்று சொல்லும் பிள்ளைக்கு நான்கு என்பதைக் காகிதமே சொல்லிக் கொடுக்கும்.

திருகும் திசையை மாற்றலாம். வலப் பக்கம் திருகிய பூவையும் இடப் பக்கம் திருகிய பூவையும் எதிரெதிரே வைத்தால், கண்ணாடியும் பிம்பமும்போல் நிற்கும்.

கட்டத்தை மாற்றலாம். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று மடித்தால் எட்டுப் பாகம் வரும். ஐந்து பாகம் வேண்டுமானால் எப்படி மடிப்பது? ஸ்கேல் இல்லாமல்? ஒரு வகுப்பு முழுவதும் ஒரு வாரம் யோசிக்கலாம்.

ஈரத்தையும் சோதிக்கலாம். கெட்டிக் காகிதத்தை ஈரத் துணியால் லேசாகத் துடைத்து மடித்தால் வளைவாக மடியும். காய்ந்ததும் வளைவு அப்படியே நிற்கும். அந்த முறையைக் கண்டவர் அகிரா யோஷிசாவா. 1911-ல் பிறந்து 2005-ல் மறைந்தார். இந்தக் கலையின் மாபெரும் ஆசான். அவர் ஆரம்பத்தில் யார் தெரியுமா? தொழிற்சாலைத் தொழிலாளி. இளம் தொழிலாளிகளுக்கு வடிவ கணிதம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. காகிதத்தை மடித்துக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு தொழிற்சாலையில் நடந்தது நம் பள்ளிக்கூடத்தில் நடக்காதா?

"மார்க் கிடைக்குமா?"

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போய் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் மார்க்கைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்?

பதில் இது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி என்பது பாடத்தில் இருக்கிறது. காகித முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைக் கீழே வைத்து, உச்சி அந்தப் பக்கத்தைத் தொடும்படி நேராக மடியுங்கள். மற்ற இரண்டு மூலைகளையும் அதே புள்ளிக்கு மடித்துக் கொண்டுவாருங்கள். மூன்று கோணங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நேர்கோட்டில் உட்காரும். இதைக் கையால் செய்த பிள்ளை பரீட்சையில் மறப்பானா?

"காகிதம் வீணாகாதா?" என்பது அடுத்த கேள்வி. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், காகிதத்துக்குச் செலவழிக்க முடியாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார். இன்று அந்தப் பஞ்சம் இல்லை. பழைய நோட்டு இருக்கிறது. பழைய காலண்டர் இருக்கிறது. ஏன், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த ஞாயிறு மலரே இருக்கிறது! படித்து முடித்ததும் ஒரு மூலையைச் சாய்வாக எதிர்ப் பக்கத்தோடு சேர்த்து மடியுங்கள். மிஞ்சும் பட்டையைக் கிழித்தெடுங்கள். சதுரம் கிடைத்துவிட்டது. கிழித்த பட்டையில் ஐங்கோண முடிச்சுப் போடலாம். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஆண் பிள்ளைக்குப் பூ எதற்கு?" என்பது மூன்றாவது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோயில் தோரணத்தில் தென்னங்குருத்துக் கிளி மடிப்பவர்கள் யார் என்று பார்த்தால் போதும்.

"வாத்தியார்களுக்கு நேரம் எங்கே?" என்பதுதான் கொஞ்சம் கனமான கேள்வி. பாடம் முடிய வேண்டும். பரீட்சை நடக்க வேண்டும். பதிவேடுகள் வேறு. எல்லாம் வாஸ்தவம். ஆகவே புதிய பாடம் என்று ஒன்றைச் சுமத்தச் சொல்லவில்லை. இருக்கிற கணக்கு வகுப்பில் வாரத்துக்கு ஒரு பீரியட். அந்த வாரப் பாடத்தையே மடிப்பில் நடத்தட்டும். சின்ன வகுப்புகளில் செயல்முறைப் படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறோம். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் வடிவ கணிதம் கஷ்டமாக ஆரம்பிப்பது அதற்கு மேலே, ஆறாம் வகுப்பு முதல். கை வேலை தேவைப்படும் அந்த நேரத்தில்தான் கையைக் கட்டிப்போட்டு, மனப்பாடத்தை அவிழ்த்துவிடுகிறோம்.

அரசாங்கம் ஒன்று செய்யலாம். சுந்தர ராவின் முறையை எளிய தமிழில், படங்களோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சிறு புத்தகமாக்கி, எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்கலாம். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். யந்திரம் வேண்டாம். மின்சாரம்கூட வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. 'ரோஜா மடித்துக்கொண்டு வா' என்று வீட்டுப் பாடம் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அம்மா மடிப்பாள். அல்லது கடையிலே வாங்கிக் கொடுப்பாள். பூ அழகாக இருக்கும். மார்க்கும் விழும். பிள்ளைக்கு ஒன்றும் விழாது! மடிப்பு வகுப்பிலே நடக்க வேண்டும். கசங்கல்கள் மேஜை மேல் கிடக்க வேண்டும். எது ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் சண்டை போட வேண்டும்.

சம்பா நடவு ஒரு தரம் தப்பினால் அந்தப் பருவமே போச்சு என்பது இந்தச் சீமையின் குடியானவனுக்குத் தெரியும். தவறு செய்ய வயல் இடம் கொடுக்காது. காகிதம் கொடுக்கும். பத்துத் தரம் தவறினாலும் பதினோராம் தரம் மடிக்கலாம். செலவு ஒரு பழைய தாள். தவறிப் பழகப் பிள்ளைக்கு இதைவிட மலிவான இடம் இல்லை.

பூதலூர்ப் பிள்ளை ஒருத்தி, அட்டைக் காகிதத்தில், ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ, ஒரு ரோஜாவைத் திருகி மலர வைத்தால், அந்தப் பூவுக்கு வாசனை இராது. "எனக்குக் கணக்கு வரும்" என்று அவள் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லுவாள். பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.